க்ளீனும் வேண்டும், ஓவர்டிரைவும் வேண்டும்: கிட்டார் ஆம்ப் வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். மணி அடித்த மாதிரித் தெளிவான க்ளீன் ஒலியும் வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பாடும் ஓவர்டிரைவும் வேண்டும், இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்குமா? கிடைக்கும். எந்தப் பெட்டி என்பது நீங்கள் எவ்வளவு சத்தத்தில், யாரோடு சேர்ந்து, என்ன வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

க்ளீன், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் எல்லாம் எப்படி வேறுபடுகின்றன?

கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சின்ன மின் அலை. அதன் வடிவம் கெடாமல் பெரிதாக்கினால் அது க்ளீன். ஒவ்வொரு ஆம்புக்கும் இதற்கு மேல் முடியாது என்று ஓர் எல்லை உண்டு. அலை அந்த எல்லையில் முட்டும்போது அதன் உச்சி நசுங்குகிறது. நசுங்கிய அலையில், மூல ஒலியில் இல்லாத புதிய ஹார்மோனிக்ஸ் (கூடுதல் மேல் ஒலிகள்) வந்து சேர்ந்துகொள்கின்றன. ஒலி தடிக்கிறது, கொஞ்சம் கரகரக்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: அழுத்தி வாசித்ததும் மெல்ல வாசித்ததும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வெளிவருவதால், நோட் நீண்டு நிற்பதாகக் காதுக்குப் படும். உச்சி வழுவழுப்பாக வளைந்தால் ஓவர்டிரைவ். கத்தியால் சீவியதுபோல் தட்டையானால் டிஸ்டார்ஷன். அலை சதுரமாகவே ஆகிவிட்டால் ஃபஸ். நடுவில் கோடு போட்டுப் பிரிக்க யாராலும் முடியாது.

ஒரு வேடிக்கை. கிட்டார் ஆம்பின் க்ளீன் கூட உண்மையில் அவ்வளவு சுத்தமானது அல்ல. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சட்டென்று அடங்கிவிடும். பல ஆம்ப்களின் டோன் சர்க்யூட் நடு அலைவரிசையைக் கொஞ்சம் குழித்தே வைத்திருக்கும். அதே கிட்டாரைப் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவில் நேராகச் செருகிப் பாருங்கள், உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஆம்பும் வாத்தியத்தில் பாதி என்று சொல்வது இதனால்தான்.

இரண்டும் ஒரே ஆம்பில் நன்றாக அமைவது ஏன் கஷ்டம்?

இரண்டும் எதிரெதிரான குணங்களைக் கேட்கின்றன. க்ளீனுக்கு இடம் வேண்டும். எவ்வளவு அழுத்தி அடித்தாலும் எல்லையில் முட்டாத அந்த மிச்ச இடத்தைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். ஓவர்டிரைவுக்கு அந்த இடம் இருக்கவே கூடாது.

ஆம்ப்களின் கதையே இந்த இழுபறிதான். 1950களில் ஃபெண்டர் நிறுவனம் ஆம்ப்களைச் செய்தபோது, ஒலி உடைவதை ஒரு குறையாகவே பார்த்தது. வாசித்தவர்களோ வால்யூமைத் திருகி அந்தக் குறையையே ரசிக்க ஆரம்பித்தார்கள். பேஸ் கிட்டாருக்கென்று ஃபெண்டர் செய்த பாஸ்மேன் ஆம்பை, சாதாரண கிட்டார்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப் அந்த பாஸ்மேன் சர்க்யூட்டை முன்மாதிரியாக வைத்துச் செய்ததுதான். அப்புறம் 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் ஃபெண்டரின் சின்ன பிரின்ஸ்டன் ஆம்பைப் பிரித்து, உள்ளே பெரிய சர்க்யூட்டைத் திணித்தார். அடுத்து அவர் செய்தது ப்ரீஆம்பில், அதாவது கிட்டார் அலையை முதலில் பெரிதாக்கும் முன்பக்கப் பகுதியில், கூடுதலாக ஒரு கெயின் (பெருக்கும்) கட்டம் சேர்த்தது. அதிலிருந்து வால்யூமை ஏற்றாமலேயே ஒலியை உடைக்க முடிந்தது. மெசா பூகி ஆம்ப்கள் அப்படிப் பிறந்தவை. இன்று க்ளீன், ஓவர்டிரைவ் என்று சானல் மாற்றும் ஆம்ப்கள் பலவும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்.

அப்படியானால் என் முன்னால் இருக்கும் வழிகள் என்ன?

மூன்று. ஒற்றைச் சானல் ஆம்பை உடையும் விளிம்பில் வைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூமைக் குறைத்துக் க்ளீன், கூட்டி ஓவர்டிரைவ் என்று வாசிப்பது முதல் வழி. க்ளீனுக்கு ஒன்று, ஓவர்டிரைவுக்கு ஒன்று என்று இரண்டு சானல் உள்ள ஆம்பை வாங்கிக் காலால் மாற்றுவது இரண்டாவது. நல்ல க்ளீன் ஆம்ப் ஒன்றும், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் காலால் இயக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றும் வாங்குவது மூன்றாவது.

யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: எந்த வழியில் போனாலும் ஆம்பை அதன் க்ளீன் ஒலிக்காக வாங்குங்கள். ஓவர்டிரைவ் பிடிக்காவிட்டால் ஒரு பெடலில் சரிசெய்துவிடலாம். க்ளீன் ஒலி அட்டைப்பெட்டி மாதிரி இருந்தால் அதைக் காப்பாற்ற எந்தப் பெடலாலும் முடியாது. கடைகளில் ஆட்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். கெயினை முழுக்க ஏற்றி ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு மயங்கி விடுகிறார்கள். கெயின் அதிகமானால் எல்லா ஆம்பும் கொஞ்சம் ஒரே மாதிரிதான் கேட்கும். குறையெல்லாம் அந்த இரைச்சலில் ஒளிந்துகொள்ளும்.

"ப்ரேக்கப்" என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

காதல் விவகாரம் இல்லை. ஒலி உடைய ஆரம்பிக்கும் இடம். மெல்ல வருடினால் க்ளீன், அழுத்தி அடித்தால் ஓரத்தில் ஒரு சின்ன உறுமல். அந்த நிலையில் உங்கள் வலது கையே ஒரு நாப் (திருகும் குமிழ்) ஆகிவிடுகிறது. ஆம்பின் தரத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. டோன் நாப்கள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள், ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) அணையுங்கள், கிட்டார் வால்யூமை முழுக்கத் திறங்கள். ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் நோட்களை) மெல்ல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை என்று மாறி மாறி அடித்தபடி ஆம்பின் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஓங்கி அடிக்கும்போது மட்டும் கரகரப்பு எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். க்ளீனிலிருந்து கரகரப்புக்குப் போவது சரிவுப்பாதையில் இறங்குவது மாதிரி இருக்கிறதா, இல்லை படியிலிருந்து விழுவது மாதிரியா? கரகரக்கும்போது கார்டின் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்கிறதா, கூழாகிறதா? கிட்டார் வால்யூமை 10இலிருந்து 5க்குக் குறைத்தால் ஒலி தெளிகிறதா, இல்லை போர்வை போர்த்தியது போல் மங்குகிறதா?

கடைசியாகச் சொன்ன மங்கலுக்கு ஆம்பை மட்டும் குறை சொல்ல முடியாது. பல கிட்டார்களில் வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிளும், அதாவது ஒலியின் கூர்மையான மேல்பகுதியும், சேர்ந்து போய்விடும். வால்யூம் நாப்பில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்து இதைச் சரிசெய்வார்கள். ட்ரெபிள் ப்ளீட் என்று பெயர்.

எத்தனை வாட் எடுக்க வேண்டும்?

அதிகம் ஏமாறும் இடம் இது. 100 வாட் என்றால் 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். கவனித்தால் தெரியும் அளவு, அவ்வளவே. கேட்பதற்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 5 வாட் ஆம்புக்கும் 50 வாட் ஆம்புக்கும் உள்ள தூரம்தான் அந்த இரண்டு மடங்கு. முழுக்கத் திருகிய 5 வாட் டியூப் ஆம்ப் (வால்வு வைத்த ஆம்ப்) ஒரு படுக்கையறையில் எப்படி இருக்கும் என்பதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

அப்புறம் ஏன் பெரிய ஆம்ப்? ஹெட்ரூமுக்கு. டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் கிட்டாரும் அந்த உயரத்துக்கு வந்தாக வேண்டும். 15 வாட் டியூப் ஆம்ப் அங்கே எட்டிவிடும், ஆனால் உடைந்துகொண்டே எட்டும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட். பேண்டோடு வாசிக்கும்போது க்ளீனுக்கும் ஓவர்டிரைவுக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் புகழுக்கே காரணம். அதே குடும்பத்து ட்வின் ரிவெர்ப் 85 வாட். டிரம்ஸ் எவ்வளவு போட்டுத் தாக்கினாலும் அது பாட்டுக்குக் க்ளீனாக நிற்கும். அதை வீட்டில் வைத்து உடையும் விளிம்பைத் தேடினால், ஒலி உடைவதற்குள் சுவர் உடைந்துவிடும்.

என் கணக்கு இப்படி. வீட்டில் மட்டும் என்றால் 1 முதல் 5 வாட் டியூப் ஆம்ப், அல்லது நல்ல டிஜிட்டல் ஆம்ப். பேண்டில் ஓவர்டிரைவ் முக்கியம் என்றால் 15 முதல் 22 வாட். பேண்டில் க்ளீன் உடையவே கூடாது என்றால் 40 வாட்டும் அதற்கு மேலும். மேடையில் மைக் வைத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால் இந்தக் கணக்கிலிருந்து தாராளமாக ஒரு படி இறங்கலாம்.

டியூப் வாட்டும் ட்ரான்சிஸ்டர் வாட்டும் ஒன்றா?

வாட் வாட்தான், அதில் இரண்டு ஜாதி இல்லை. வித்தியாசம் எல்லையைத் தாண்டும்போது வருகிறது. டியூப் ஆம்ப் எல்லையைத் தாண்டினாலும் காதுக்கு இதமாக உடைவதால், குறிப்பிட்ட வாட்டையும் தாண்டித் தள்ளி வாசிக்கிறோம். ட்ரான்சிஸ்டர் ஆம்பின் பவர் பகுதி உடைந்தால் காது கூசும். அதனால் எப்போதும் கீழேயே வைத்துக்கொள்கிறோம். 'டியூப் வாட் பெரிசு' என்ற பேச்சு இதிலிருந்து வந்தது.

டியூப், ட்ரான்சிஸ்டர், டிஜிட்டல்: எது நல்லது?

டியூப் என்பது பழைய ரேடியோக்களில் இருந்த அதே வால்வுதான். முன்பக்கம் ப்ரீஆம்பில் பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 இருக்கும். பின்பக்கம் பவர் டியூப் எது என்பது ஆம்பின் சுபாவத்தைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். பெரிய ஃபெண்டர்களில் இருக்கும் 6எல்6 அகலமான, கெட்டியான க்ளீன் தரும். சின்ன ஃபெண்டர்களின் 6வி6 சீக்கிரம் உடையும், மென்மையாக உடையும். மார்ஷல் என்றதும் நினைவுக்கு வரும் உறுமலில் இஎல்34க்குப் பங்கு உண்டு. வாக்ஸ் ஏசி30இல் நான்கு இஎல்84. கம்பி ஒவ்வொன்றும் மினுங்குகிற மாதிரி ஒலிக்கும். ஆனால் டியூப் எண்ணை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்குவது, எஞ்சின் நம்பரைப் பார்த்து வண்டி வாங்குவது மாதிரி. சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் டியூபைவிட அதிகம் பேசும்.

ட்ரான்சிஸ்டர் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் ரோலண்ட் ஜேசி-120ஐக் கேட்க வேண்டும். 1975இல் வந்தது, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் தனி 60 வாட் பவர் ஆம்ப். க்ளீன் என்றால் கண்ணாடி மாதிரிக் க்ளீன். இன்றும் மேடைகளில் நிற்கிறது. அதிலேயே இருக்கும் டிஸ்டார்ஷன் நாப்பை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. இரண்டும் ஒரே ஆம்பில் அமைவது ஏன் கஷ்டம் என்ற கேள்விக்கான மொத்தப் பதிலும் அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது.

மற்ற ஆம்ப்களின் ஒலியைக் கணினி முறையில் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்களைக் கேலி செய்த காலம் போய்விட்டது. குறைந்த சத்தத்தில் ஓவர்டிரைவ் வேண்டும் என்கிறவருக்கு இன்று நான் முதலில் சொல்வது அவற்றைத்தான். பாஸ் நிறுவனத்தின் கட்டானா போன்றவற்றில் ஒரே பெட்டிக்குள் பல குணங்கள். அவற்றின் தொல்லையும் அதுதான்: வாசிக்க உட்கார்ந்தவர் இரவு முழுக்க மெனுவைத் திருகிக்கொண்டிருப்பார். பழுதானால் பழுது பார்ப்பதும் டியூப் ஆம்பைப் போல எளிதல்ல.

ஸ்பீக்கர் அவ்வளவு முக்கியமா?

ரொம்ப. ஆம்பில் எதையாவது மாற்றி அதிகப் பலன் பார்க்க வேண்டும் என்றால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டும். அதன் விவரக் குறிப்பில் சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. 97 எண்ணுள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 எண்ணுள்ளதைப் போட்டால், ஆம்பின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். சின்ன ஆம்பின் க்ளீன் சீக்கிரம் உடைகிறதே என்று புலம்புகிறவர்களுக்கு ஆம்பை மாற்றாமலே கிடைக்கும் மருந்து இது. சத்தம் தாங்க முடியவில்லை என்றால் எண் குறைந்த ஸ்பீக்கர்.

எவ்வளவு வாட் தாங்கும் என்பது வேறு எண், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கரின் வாட் ஆம்பின் வாட்டைவிடத் தாராளமாக அதிகம் இருக்கட்டும். 25 வாட் கிரீன்பேக் மாதிரி மிதமான ஸ்பீக்கர்களைத் தள்ளினால் அவையே கொஞ்சம் உடைந்து ஒலிக்குக் கரடுமுரடான ஓரம் தரும். அதிக வாட் தாங்கும் ஸ்பீக்கர்கள் அசையாமல் க்ளீனாக நிற்கும்.

பெட்டியின் முதுகு திறந்திருந்தால் ஒலி அறையெங்கும் பரவும், க்ளீனுக்கு அழகு. மூடியிருந்தால் பேஸ் நெஞ்சில் முட்டும், கனமான ஓவர்டிரைவுக்கு அழகு. 8 அங்குலமும் அதற்குக் கீழேயும் உள்ள ஸ்பீக்கர்களில் க்ளீன் கார்டுகள் மெலிந்து கேட்கும். முடிந்தால் 10 அல்லது 12க்குப் போங்கள்.

இன்னொன்று. கிட்டார் ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக வீசும். ஆம்ப் தரையில் இருக்க, நீங்கள் நின்று வாசித்தால் அந்த வெளிச்சம் உங்கள் முழங்காலில் விழுகிறது. ஒலி மந்தமாக இருக்கிறது என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது வலிக்கும். ஆம்பைச் சாய்த்தோ உயர்த்தியோ வையுங்கள். வாங்கும்போதும் குனிந்து, ஸ்பீக்கருக்கு நேரே காதை வைத்துக் கேளுங்கள்.

கெயின், வால்யூம், மாஸ்டர் என்று மூன்று நாப் இருக்கின்றனவே?

கெயின் என்பது ப்ரீஆம்பை எவ்வளவு தள்ளுகிறீர்கள் என்பது. மாஸ்டர், அங்கிருந்து பவர் பகுதிக்கு எவ்வளவு விடுகிறீர்கள் என்பது. வால்யூம் என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த வேலை செய்கிறது என்பது ஆம்புக்கு ஆம்ப் மாறும். மாஸ்டர் இல்லாத பழைய பாணி ஆம்பில் ஒரே வால்யூம் நாப் சத்தத்தையும் கரகரப்பையும் சேர்த்தே ஏற்றும்.

கெயினை ஏற்றி மாஸ்டரை இறக்கினால் சத்தமில்லாமல் ஓவர்டிரைவ் கிடைக்கும். கிடைப்பது ப்ரீஆம்ப் ஓவர்டிரைவ். கொஞ்சம் தேனீ ரீங்காரம் மாதிரி. பவர் டியூபும் ஸ்பீக்கரும் சேர்ந்து வியர்க்கும்போது வரும் தடிமன் அதில் இருக்காது. அந்தத் தடிமனையும் கொஞ்சம் குறைந்த சத்தத்தில் பெற அட்டெனுவேட்டர் என்ற கருவி இருக்கிறது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து, பவரில் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தின்றுவிடும். சில ஆம்ப்களில் வாட்டைக் குறைக்கும் ஸ்விட்ச் கூடவே வருகிறது. மேலே சொன்ன கணக்கை மறக்க வேண்டாம்: 20 வாட்டை 10 ஆக்கினால் குறைவது 3 டெசிபல்தான்.

வீட்டில் அருமையாக இருந்த ஓவர்டிரைவ் பேண்டில் காணாமல் போகிறது. ஏன்?

இதற்கு ஆம்பைத் திட்டிப் பயனில்லை. குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் சரியாகக் கேட்பதில்லை. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வீட்டில் மெல்ல வாசிக்கும்போது நாம் அறியாமலே பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவைக் குறைத்து வைக்கிறோம். அதே அமைப்பைச் சத்தமாக்கினால் கீழே குமுறும், மேலே கீச்சிடும். அந்தக் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே பேஸ் கிட்டார் உட்கார்ந்திருக்கிறது, மேல்பகுதியில் சிம்பல். கிட்டாருக்கென்று மிஞ்சியிருக்கும் இடம் நடுப்பகுதி. அதைத்தான் நாம் குறைத்துவிட்டோம்.

பேண்டில் மிடில் நாப்பை ஏற்றுங்கள், பேஸைக் குறையுங்கள், கெயினை வீட்டில் வைத்ததில் பாதியாக்குங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும். எல்லோரும் சேர்ந்ததும் சரியாக உட்காரும்.

இரண்டு சானல் ஆம்பில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், இரண்டு சானலுக்கும் தனித்தனி டோன் நாப்கள் இருக்கின்றனவா. நான் முதலில் வாங்கிய இரண்டு சானல் ஆம்பில் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் பொதுவானவை. க்ளீன் இனிக்கும்படி வைத்தால் ஓவர்டிரைவ் கொசு மாதிரிக் கத்தும். ஓவர்டிரைவைச் சரிசெய்தால் க்ளீன் கம்பளிக்குள் போய்விடும். ஒரு பாட்டுக்கு நடுவே குனிந்து நாப் திருகுவதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இரண்டே மாதத்தில் அதை விற்றுவிட்டேன். அடுத்து, இரண்டு சானலின் சத்தத்தையும் ஒன்றுக்கொன்று சமமாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள். காலால் மாற்றும் ஸ்விட்ச் பெட்டியோடு வருகிறதா என்றும் கேளுங்கள்.

க்ளீன் ஆம்போடு பெடல் வைத்தால் எந்த மாதிரிப் பெடல்?

எல்லா ஓவர்டிரைவ் பெடலும் எல்லா ஆம்போடும் ஒத்துப்போகாது. 1970களின் இறுதியில் வந்த ட்யூப் ஸ்க்ரீமரும் அதன் எண்ணற்ற நகல்களும் பேஸைக் குறைத்து நடுவைத் தூக்கும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஆம்பை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடத்தான் அவை லாயக்கு: டிரைவ் குறைவாக, லெவல் அதிகமாக. அசைக்க முடியாத க்ளீன் ஆம்பில் அதையே போட்டால், மூக்கடைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். அத்தகைய ஆம்புக்கு, தன்னளவிலேயே முழு ஒலி தரும் டிஸ்டார்ஷன் பெடலோ, ஆம்ப் ஒலியைப் போல அமைத்த பெடலோ பொருந்தும். முடிந்தால் உங்கள் பெடலை ஆம்ப் பார்க்கப் போகும்போதே கையோடு கொண்டு போங்கள்.

என் கிட்டாரின் பிக்கப்பைப் பொறுத்து மாறுமா?

மாறும். இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் பொதுவாக ஆம்பை அதிகம் தள்ளும்; ஒற்றைச் சுருளான சிங்கிள் காயிலில் க்ளீனாக இருந்த அதே அமைப்பு ஹம்பக்கரில் கரகரக்கும். ஹம்பக்கர் கிட்டாருக்கு ஹெட்ரூம் அதிகமான, கொஞ்சம் பளிச்சென்ற ஆம்பும், சிங்கிள் காயிலுக்கு நடுப்பகுதி தடித்த ஆம்பும் எளிதாகப் பழகும்.

எஃபெக்ட்ஸ் லூப் அவசியமா?

ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல்களைச் செருகும் இடம்தான் லூப். ஆம்பின் சொந்த ஓவர்டிரைவோடு, எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் பெடல் பயன்படுத்துவீர்கள் என்றால் அவசியம். லூப் இல்லாமல் முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து உடைந்து சகதியாகும். பெடலிலேயே ஓவர்டிரைவ் வைத்துக்கொள்பவருக்குத் தேவையில்லை.

கடையில் எப்படிச் சோதிப்பது?

சொந்தக் கிட்டாரும் சொந்தக் கேபிளும் இல்லாமல் போகாதீர்கள். கடையில் இருக்கும் விலை உயர்ந்த கிட்டார் எல்லா ஆம்பையும் அழகாகக் காட்டும். டியூப் ஆம்ப் என்றால் சூடாகச் சில நிமிடம் விடுங்கள். ரிவெர்பை அணைத்தே தொடங்குங்கள். அது மேக்கப் மாதிரி, பள்ளம் மேடெல்லாம் மூடிவிடும்.

முதலில் க்ளீன். திறந்த கார்டுகளை மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக விரியும்படி வாசியுங்கள். மேல் கம்பிகளில் ஒற்றை நோட். ஊசி குத்துகிறதா, உருண்டையாக இருக்கிறதா? தடித்த கீழ்க் கம்பியின் ஈ நோட் 82 ஹெர்ட்ஸ். அதை அடித்தால் பெட்டி அதிர்ந்து பேசுகிறதா, 'தொப்' என்று விழுகிறதா? பிறகு அந்த விளிம்புச் சோதனை. அதன் பிறகுதான் ஓவர்டிரைவ். அதிலும் லீட் வாசித்துக் காட்ட அவசரப்பட வேண்டாம். ஒற்றை நோட் எந்த ஓவர்டிரைவிலும் இனிக்கும். மூன்று, நான்கு நோட் உள்ள கார்டை அடித்துப் பாருங்கள். மேஜர் கார்டின் மூன்றாம் ஸ்வரம் புரிகிறதா? பிறகு கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி வாசித்து, ஒலி சட்டென்று நிற்கிறதா, வழிந்து ஓடுகிறதா என்று கேளுங்கள்.

நாப்கள் நடுவில் இருந்தால் டோன் சமமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபெண்டர் பாணி டோன் சர்க்யூட்டில் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் சத்தமே கிட்டத்தட்ட நின்றுவிடும். அதில் சமத்துக்கு அருகில் வர மிடிலை முழுக்க ஏற்றி மற்ற இரண்டையும் வெகுவாக இறக்க வேண்டும். எண்ணை விட்டுவிட்டுக் காதை நம்புங்கள்.

முக்கியமாக, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் கேளுங்கள். வீட்டுக்கு வாங்குகிறவர் கடை முழுக்க அதிரவிட்டு ரசித்தால் அவர் வாங்கிப் போவது வேறொரு ஆம்பை.

பயன்படுத்திய டியூப் ஆம்ப் வாங்கலாமா?

தாராளமாக. சில சோதனைகள் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு நாப்பையும் மெல்லத் திருப்புங்கள். சரசரத்தால் பெரும்பாலும் சுத்தம் செய்தால் போதும். கிட்டாரைக் கழற்றிவிட்டு வால்யூமை ஏற்றி ஹம் எவ்வளவு என்று கேளுங்கள்; ஆழமான உறுமல் இருந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். ப்ரீஆம்ப் டியூபைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் ஒலித்தால் அந்த டியூப் மாற்ற வேண்டியது. பவர் டியூப் தேயும் பொருள். அடிக்கடி வாசிப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது சகஜம், பல ஆம்ப்களில் அப்போது பயஸ் என்ற அமைப்பையும் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் 120 வோல்ட்டுக்கா, 230 வோல்ட்டுக்கா என்று முதுகில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். டியூப் ஆம்புக்குள் 400 வோல்ட்டும் அதற்கு மேலும்கூட இருக்கலாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும். தெரிந்தவர் கையில் விடுங்கள்.

ஸ்பீக்கரை இணைக்காமல் டியூப் ஆம்பை இயக்கினால்?

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகலாம். ஆம்பில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. 4, 8, 16 ஓம் என்று எழுதியிருக்கும் துளைக்குப் பொருந்தும் ஸ்பீக்கரைத்தான் செருக வேண்டும். இணைக்கும் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும்; கிட்டார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது.

எடையைப் பற்றி யாருமே சொல்வதில்லையே?

வாங்கும் நாளில் யாருக்கும் நினைவு வராது. ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. அதே தோற்றத்தில் டிஜிட்டலாக வந்த டோன் மாஸ்டர் ட்வின் சுமார் 15 கிலோ. வாரத்துக்கு இரண்டு நாள் தூக்கிக்கொண்டு போகிறவர் என்றால், கடையில் வாசித்து முடித்ததும் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, வாசல் வரை நடந்து பாருங்கள். மறு கையில் கிட்டாரும் இருக்கட்டும்.